மொட்டை மாடியில் ஒரு மின் நிலையம்

மதுரை வெயிலைப் பற்றிக் குறை சொல்லாத மதுரைக்காரர் ஒருவரும் இருக்க முடியாது. பங்குனி பிறந்துவிட்டால் போதும்; மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது நிழலை, அடுத்துத் தேடுவது இளநீரை. சித்திரைத் திருவிழாவுக்குக் கூடும் மக்கள் வெள்ளத்தின்மேல் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் வழக்கம் இந்த ஊரில் ஏற்பட்டதற்கு வெயிலும் ஒரு காரணம் அன்றோ! நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது பழமொழி. வெயிலின் அருமை எப்போது தெரியும் என்பதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் சிறிது எழுத விழைகின்றேன்.

மாட்டுத்தாவணியைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் ஏதேனும் ஓர் உயர்ந்த கட்டடத்தின் மேல் ஏறி நின்று பார்த்தால், அண்மை ஆண்டுகளில் ஒரு மாற்றம் கண்ணிற்படும். தண்ணீர்த் தொட்டிகளுக்கும் துணி உலர்த்தும் கொடிகளுக்கும் நடுவே, கருநீல நிறத்தில் சாய்வாகப் படுத்திருக்கும் பலகைகள் ஆங்காங்கே மின்னுகின்றன. அவை சூரிய ஒளி மின்பலகைகள். "சோலார் போட்டிருக்கிறார்கள்" என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பலகையைவிட முக்கியமான பொருள் ஒன்று அந்த வீட்டின் வாசற்புறத்தில், மீட்டர்ப் பெட்டிக்குள் இருக்கிறது. வீட்டில் விளையும் மின்சாரத்தை ஊரின் மின்கட்டமைப்போடு இணைக்கும் இருவழி மீட்டரே அது. பலகையால் வரும் நன்மையில் ஏறக்குறையப் பாதி அந்த இணைப்பினால்தான் வருகிறது என்பதையும், அந்த இணைப்பு எதைத் தரும், எதைத் தராது என்பதையும் இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் விளக்க முயல்கின்றேன்.

ஒளி மின்சாரமாகும் விதம்

சில பொருள்களின் மீது ஒளி படும்போது மின்சாரம் தோன்றுகிறது என்பதை 1839-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நாட்டு இளைஞரான எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது 19. அதாவது நம் இரண்டாம் ஆண்டு மாணவர்களின் வயது. ஒளி சிறு சிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது என்ற கருத்தைக்கொண்டு, ஒளியால் எலக்ட்ரான்கள் வெளிப்படுவதை ஐன்ஸ்டீன் 1905-இல் விளக்கினார். அவருக்கு 1921-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது இந்த விளக்கத்திற்காகவே. சார்புக் கொள்கைக்காக அன்று. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவரும் சிலிக்கனால் ஆன சூரிய மின்கலத்தை உருவாக்கிக் காட்டினர். தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் நூற்றுக்கு 6 பங்கை அது மின்சாரமாக்கிற்று. இன்று வீடுகளில் பொருத்தப்படும் பலகைகள் நூற்றுக்கு 20 பங்கும் அதற்குச் சற்று மேலும் தருகின்றன.

இங்கே ஒரு பொதுவான எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். வெப்பம் மிகுந்தால் மின்சாரமும் மிகும் என்று பலர் நினைக்கிறார்கள். அஃது உண்மையன்று. பலகைக்கு உணவு ஒளியே. வெப்பம் அதற்குப் பகை. சிலிக்கன் பலகையின் வெப்பநிலை 25 டிகிரிக்கு மேல் உயரும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் நூற்றுக்கு 0.4 பங்கு அளவில் குறைகிறது. கத்திரி வெயிலில் மாடியிலுள்ள பலகை 60 டிகிரிக்குச் சூடேறுமானால், 35 டிகிரி உயர்வுக்கு 14 பங்கு திறன் போய்விடும். ஆகவேதான் பலகைகளைத் தளத்தோடு ஒட்டிப் பதிக்காமல், அடியில் காற்று ஓடும்படி கால் வைத்து உயர்த்திப் பொருத்துகிறார்கள். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 டிகிரியில் இருப்பதால், பலகையைத் தெற்கு நோக்கி அந்த அளவுக்குச் சாய்த்தாலே போதும். மழை பெய்தால் தூசியும் அந்தச் சாய்வில் வழிந்துவிடும்.

ஒரு கிலோவாட் திறனுள்ள அமைப்புக்கு நிழல் விழாத 100 சதுர அடி இடம் வேண்டும். நம் பகுதியில் அது சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் மின்சாரம் தரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மேகமூட்டமான ஐப்பசி, கார்த்திகையில் குறையும். மாசி, பங்குனியில் கூடும்.

பகலில் விளைச்சல், இரவில் பசி

இவ்வளவும் நன்று. ஆயின் ஒரு சிக்கல் உண்டு. பலகை நன்றாக உழைக்கும் நேரம் காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை. அந்நேரத்தில் பெரும்பாலான வீடுகளில் யார் இருக்கிறார்கள்? அப்பா வேலைக்குப் போயிருப்பார். பிள்ளைகள் பள்ளியிலும் கல்லூரியிலும் இருப்பார்கள். குளிர்ப்பதனப் பெட்டியும் ஒரு மின்விசிறியும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாரும் வீடு திரும்பி விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி, மாவரைக்கும் எந்திரம் அனைத்தையும் போடும் நேரத்தில் சூரியன் நாகமலைக்குப் பின்னே மறைந்திருக்கும். விளைகிற நேரமும் தேவைப்படும் நேரமும் ஒன்றாக இல்லை.

இதற்குப் பழைய வழி, பகலில் விளைந்ததை மின்கலங்களில் சேமிப்பது. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டில் அறிவித்த பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றிலும் சூரிய ஒளியால் எரியும் ஐந்து விளக்குகளை அமைத்தார்கள். பகலில் மின்கலத்தில் சேர்ந்தது இரவில் விளக்காக எரிந்தது. சிற்றூர்களில் விளக்கு எரிக்க இம்முறை உகந்ததே. ஆயினும் குளிர்ப்பதனப் பெட்டி, தண்ணீர் இறைக்கும் மோட்டார் போன்றவற்றை இயக்கும் அளவுக்கு ஈய அமில மின்கலங்களை அடுக்குவதானால் செலவு மிகும். அவற்றுக்கு அவ்வப்போது வடிநீர் ஊற்ற வேண்டும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மாற்றவும் வேண்டும். உள்ளே செலுத்திய மின்சாரத்தில் ஒரு பகுதி திரும்பி வராமலே வெப்பமாகிவிடும். மின்கலம் நிரம்பிய பிறகு பலகையில் விளைவதோ யாருக்கும் பயன்படாமல் போகும்.

மொய் நோட்டும் இருவழி மீட்டரும்

மற்றொரு வழி, மிஞ்சிய மின்சாரத்தை ஊருக்குக் கொடுத்துவிட்டுத் தேவைப்படும்போது ஊரிடமிருந்து வாங்கிக்கொள்வது. இதனை விளக்க வெளிநாட்டு உவமை எதுவும் தேவையில்லை. நம் மதுரை வட்டாரத்தின் மொய்ப் பழக்கமே போதும். பக்கத்து வீட்டுக் காதணி விழாவில் நாம் மொய் எழுதுகிறோம். அந்தப் பணத்தை அவர்கள் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, அன்றே செலவாகிறது. ஆனால் நோட்டில் பெயரும் தொகையும் இருக்கின்றன. நம் வீட்டு விசேஷத்தின்போது அது திரும்பி வருகிறது. திரும்பி வரும் ரூபாய்த் தாள் நாம் கொடுத்த அதே தாள் அன்று; கணக்கு மட்டுமே அதே கணக்கு.

கட்டமைப்போடு இணைந்த சூரிய மின்சாரமும் இப்படித்தான். நண்பகலில் நம் மாடியில் மிஞ்சும் மின்சாரம் மின்வாரியக் கம்பிக்குப் போகிறது. அடுத்த தெருவில் உள்ள தையற்கடையோ பக்கத்து வீட்டு மின்விசிறியோ அதை அந்தக் கணமே பயன்படுத்திவிடுகிறது. இரவில் நமக்கு வருவது தூத்துக்குடி நிலக்கரி மின்சாரமாக இருக்கலாம். ஆரல்வாய்மொழிக் காற்றாலை மின்சாரமாகவும் இருக்கலாம். இருவழி மீட்டரே மொய் நோட்டு. போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று இரண்டையும் அது தனித்தனியே குறித்து வைக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் கட்டணம் செலுத்துவதையே நிகர அளவீட்டு முறை என்கிறார்கள்.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு இடையே நிற்கும் கருவி இன்வெர்ட்டர். பலகையில் தோன்றுவது ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம். கம்பியில் இருப்பதோ ஒரு நொடிக்கு 50 சுற்றுகள் திசை மாறி வரும் மின்னோட்டம். இன்வெர்ட்டர் முன்னதைப் பின்னதாக மாற்றுகிறது. மாற்றினால் மட்டும் போதாது. நாட்டுப்புறக் கும்மியில் புதிதாகச் சேருகிற பெண் மற்றவர்களின் தாளத்தைக் கவனித்து, அதே அடியில் கைகொட்டித்தான் வட்டத்துக்குள் நுழைய வேண்டும். அதுபோல இன்வெர்ட்டரும் கம்பியிலுள்ள மின்னழுத்தத்தையும் தாளத்தையும் அளந்து, அவற்றோடு இம்மியும் பிசகாமல் பொருந்திய பிறகே இணைகிறது. இந்தியாவின் தென்மண்டலக் கட்டமைப்பு 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தொடர் வழியாக நாட்டின் ஏனைய கட்டமைப்போடு ஒரே தாளத்தில் இணைந்தது. ஆகவே மாட்டுத்தாவணி மாடியிலுள்ள சிறிய இன்வெர்ட்டர் ஒன்று, பஞ்சாபில் சுழலும் பெரிய மின்னாக்கி எந்திரத்தோடு இன்று அடி பிசகாமல் கும்மி கொட்டுகிறது. எண்ணிப் பார்த்தால் வியப்பாகவே இருக்கிறது.

தமிழ்நாடு இவ்வழிக்கு வந்த கதை

தமிழ்நாட்டில் இம்முறை வேரூன்றியதற்குக் காரணம் ஒரு பஞ்சம்; மின்சாரப் பஞ்சம். 2008 முதல் 2013 வரை நம் மாநிலம் கடும் மின்வெட்டைக் கண்டது. 2012-ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியேயுள்ள மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் இல்லாத நாள்கள் இருந்தன. மதுரையின் சிறு தொழிற்கூடங்களும் தறிக்காரர்களும் பட்ட பாட்டை நம் பெற்றோர் இன்றும் மறக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு தன் சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டது. 2013 நவம்பரில் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிகர அளவீட்டுக்கு ஆணை பிறப்பித்தது. 2019-இல் இம்முறை மாறி, நாம் கொடுக்கும் மின்சாரத்துக்கு ஒரு விலை, வாங்கும் மின்சாரத்துக்கு வேறொரு விலை என்றாயிற்று. 2021 அக்டோபரில் பிறந்த ஆணை, வீட்டு இணைப்புகளுக்கு நிகர அளவீட்டை மீண்டும் கொண்டுவந்தது. மொய் நோட்டின் விதி மாறினால் மொய் எழுதுகிறவரின் மனமும் மாறும் அல்லவா? அதனால் இந்த ஆணைகளின் வரலாறு பலகையின் இயற்பியலைவிடக் குறைந்த முக்கியத்துவம் உடையதன்று.

2024 பிப்ரவரியில் நடுவண் அரசு, ஒரு கோடி வீடுகளுக்கு என்ற இலக்குடன் சூரிய வீடு மின்திட்டத்தைத் தொடங்கிற்று. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000 ரூபாய், மூன்றும் அதற்கு மேலும் ஆனால் 78,000 ரூபாய் என்று மானியத்தை வகுத்தது. அதே மாதத்தில் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான வீட்டு அமைப்புகளுக்குத் தனியே தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை என்றும் ஆயிற்று. விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் அலைகிற நிலையை மாற்றுவதே இத்திருத்தத்தின் நோக்கம்.

ஒரு சிறு கணக்கு

இனி, நம் வீட்டு அட்டையை வைத்துக் கணக்குப் போடுவோம். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் செலவழிக்கும் ஒரு நடுத்தரக் குடும்பத்தை எடுத்துக்கொள்க. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டண அட்டவணையின்படி, முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை. அடுத்த 300-க்கு நாலரை ரூபாய் வீதம் 1,350. அதற்கடுத்த 100-க்கு 6 ரூபாய் வீதம் 600. கடைசி 100-க்கு 8 ரூபாய் வீதம் 800. ஆக மொத்தம் 2,750 ரூபாய். (2024 ஜூலையில் இக்கட்டணங்கள் சற்று உயர்ந்தன. ஆயினும் கணக்கின் போக்கு மாறாது.)

இக்குடும்பம் 2 கிலோவாட் அமைப்பு ஒன்றைப் பொருத்தினால், நாளுக்கு 8 யூனிட் வீதம் 60 நாளில் 480 யூனிட் விளையும். இதில் மூன்றில் ஒரு பங்கான 160 யூனிட் பகலில் வீட்டிலேயே செலவாகிறது என்று கொள்வோம். மின்கலமும் இல்லை, ஊருக்குக் கொடுக்கும் இணைப்பும் இல்லை என்றால் மற்ற 320 யூனிட்டும் வீண். அப்போது மின்வாரியத்திடம் வாங்குவது 440 யூனிட். 500-க்கு உட்பட்டவர்களுக்கு 101 முதல் 200 வரை இரண்டேகால் ரூபாயே என்பதால் கட்டணம் 1,365 ரூபாய் ஆகும். மிச்சம் 1,385 ரூபாய்.

இருவழி மீட்டர் இருந்தாலோ, அந்த 320 யூனிட் ஊருக்குப் போய்க் கணக்கில் ஏறுகிறது. வாங்கிய 440-இல் கொடுத்த 320-ஐக் கழித்தால் நிற்பது 120. அதற்குக் கட்டணம் 45 ரூபாய்தான்! மிச்சம் 2,705 ரூபாய். பலகை அதே பலகை. சூரியன் அதே சூரியன். இணைப்பு ஒன்றினால் ஆதாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. கம்பிவலையைப் பயன்படுத்துவதற்கெனத் தனிக் கட்டணம் விதிக்கப்படும் இடத்தில் அதனையும் இதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். அப்படியும் ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் அளவில் மிஞ்சும். மானியம் போக 40,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை எவ்வளவு கைப்பணம் போட்டிருந்தாலும், ஆறேழு ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும். பலகையின் ஆயுளோ 25 ஆண்டுகள். இன்வெர்ட்டரை மட்டும் இடையில் ஒருமுறை மாற்ற நேரலாம்.

வீட்டுச் சுவருக்கு வெளியே

நன்மை வீட்டோடு நின்றுவிடுவதில்லை. தூத்துக்குடி அனல்மின் நிலையத்திலிருந்து மதுரைக்கு மின்சாரம் வர வேண்டுமானால் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் உயரழுத்தக் கம்பி, துணை மின்நிலையங்கள், மின்மாற்றிகள் ஆகிய அனைத்தையும் கடந்து வர வேண்டும். ஒவ்வொரு படியிலும் சிறிது மின்சாரம் வெப்பமாகக் கரைகிறது. மாடியில் விளைந்தது அடுத்த தெருவில் செலவாகும்போது இந்த வழிச் சேதாரம் பெருமளவு மிஞ்சுகிறது. கோடை நண்பகலில் குளிர்சாதனங்கள் ஓடும் நேரத்தில் தெருவின் மின்மாற்றிக்கும் சுமை குறைகிறது.

அடுத்தது நிலம். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2,500 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. அத்தகைய பெரு நிலையங்களும் நாட்டுக்குத் தேவையே. ஆனால் வீட்டு மாடிக்கு ஒரு சென்ட் நிலமும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. மேய்ச்சல் நிலத்தையும் தொட வேண்டியதில்லை.

மூன்றாவது, காற்று. இந்தியக் கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவு கரியமில வாயு வெளிப்படுகிறது. மேலே சொன்ன 2 கிலோவாட் அமைப்பு ஆண்டுக்கு 2,900 யூனிட் தருமானால், 2 டன் கரியமில வாயு குறைகிறது. ஒரு வீட்டுக்கு இது சிறு அளவே. 2025 மார்ச்சுக்குள் நடுவண் அரசின் திட்டத்தில் சேர்ந்த வீடுகள் 10 லட்சத்தை எட்டின என்பதை எண்ணினால்தான் இதன் பெருமை விளங்கும்.

மின்சாரம் போனால் இதுவும் போகிறதே!

இவ்வளவும் படித்துவிட்டு யாரேனும் உடனே பணத்தை எடுத்துக்கொண்டு புறப்படுமுன், என் அத்தை கேட்ட கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். அத்தை வீட்டில் சோலார் பொருத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் நான் அங்கே போயிருந்தபோது பகல் பன்னிரண்டு மணிக்கு மின்தடை ஏற்பட்டது. வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே மின்விசிறி நின்றுவிட்டது.

"ஏம்ப்பா, நீ இதத்தானே படிக்கிற? மாடி பூராம் பலகைய மாட்டி வச்சிருக்கோம். கரண்ட்டு போனா இதுவும் சேந்து போயிருது. இதுக்கா இம்புட்டுப் பணம்?" என்று அத்தை கேட்டார்.

"அத்தை, இது வேணும்னே அப்படிப் பண்ணி வச்சதுதான். கரண்ட்டு இல்லைன்னு லைன்மேன் கம்பத்துல ஏறியிருப்பார். அப்ப நம்ம மாடியிலேருந்து கரண்ட்டு கம்பிக்குப் போனா அவர் கதி என்ன ஆகும்?" என்றேன்.

அத்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அதை மாட்டுனவுக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அந்தக் கேள்வி நியாயமானது.

கட்டமைப்போடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்ற உடனேயே தானும் நின்றுவிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. தாளம் நின்றால் கும்மியும் நிற்கும். கம்பத்தில் ஏறி நிற்கும் தொழிலாளியின் உயிரைக் காக்க இது இன்றியமையாத ஏற்பாடு. மின்தடையிலும் விளக்கு எரிய வேண்டுமென்றால், மின்கலமும் சேர்ந்த கலப்பு வகை இன்வெர்ட்டரைப் பொருத்த வேண்டும். மின்தடையின்போது அது வீட்டைக் கம்பியிலிருந்து துண்டித்துக்கொண்டு தனியே இயங்கும். அதற்குச் செலவு கூடும். மின்வெட்டுக்குப் பயந்து சோலார் பொருத்துகிறவர்கள் நம் ஊரில் பலர். கட்டணத்தைக் குறைப்பது ஒன்று. மின்தடையைச் சமாளிப்பது வேறொன்று. எதற்காகப் பணம் போடுகிறோம் என்பதை முன்னரே தெளிந்துகொள்வது நலம்.

மாலை மயங்கும் நேரம்

மின்வாரியத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நண்பகலில் நாம் கொடுக்கும் யூனிட்டும் இரவு எட்டு மணிக்கு நாம் வாங்கும் யூனிட்டும் நோட்டில் சமமாக எழுதப்படுகின்றன. ஆனால் சந்தையில் அவை சமமல்ல. பகலில் சூரிய மின்சாரம் பெருகி விலை சரிகிறது. மாலை விளக்கு வைத்த பின் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பதால் விலை ஏறுகிறது. பூச்சந்தையில் காலை விலையும் முகூர்த்த நாள் விலையும் ஒன்றாகவா இருக்கின்றன? மாட்டுத்தாவணிப் பூச்சந்தையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இணைப்புகள் மிகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்டை நாடான இலங்கை ஓர் எடுத்துக்காட்டு. அங்கே 2016 செப்டம்பரில் 'சூரிய பல சங்கிராமய' என்ற இயக்கம் தொடங்கி, வீட்டுக் கூரைகளில் சூரிய மின்சாரம் வேகமாகப் பரவிற்று. 2025 ஏப்ரலில் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு விடுமுறை வந்தது. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்தன. வெயிலோ நன்றாக அடித்தது. கொடுப்பவர் பலர், கொள்பவர் சிலர். கட்டமைப்பு நிலைகுலையாமல் இருக்க, கூரை மின்சாரத்தைப் பகல் வேளையில் நிறுத்தி உதவுமாறு இலங்கை மின்சார சபை வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. விளைச்சல் மட்டும் போதாது, களஞ்சியமும் வேண்டும் என்பதே இது தரும் பாடம். பெரிய மின்கலக் கிடங்குகள், நீரை மேலேற்றி மீண்டும் இறக்கும் நீர்மின் நிலையங்கள் ஆகியவை இந்தியாவில் இப்போது பேசப்படுவதற்கு இதுவே காரணம். வீட்டளவில் நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தண்ணீர் மோட்டார், துணி துவைக்கும் எந்திரம், மாவரைக்கும் எந்திரம் ஆகியவற்றை மாலையில் ஓட்டாமல் பகலில் ஓட்டினால் நமக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

யாருக்கு எட்டும், யாருக்கு எட்டாது?

முடிக்குமுன் கசப்பான உண்மை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் மட்டுமே செலவழிக்கும் ஒரு சிறு குடும்பம், அதே 2022 அட்டவணையின்படி கட்டுவது 225 ரூபாய்தான். ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 1,350 ரூபாய். மானியம் போகக் குறைந்தது இருபதாயிரம் ரூபாய் போட்டு அவர்கள் ஒரு கிலோவாட் அமைத்தால், அப்பணம் திரும்பப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். 100 யூனிட்டுக்குள் செலவழிப்பவர்களுக்கோ ஆதாயமே இல்லை. வாடகை வீட்டில் இருப்பவருக்கு மாடியின்மேல் உரிமை இல்லை. ஓட்டு வீட்டுக்காரருக்கு மாடியே இல்லை. நம் வகுப்புகளில் பயில்வோரில் பெரும்பாலோர் இத்தகைய வீடுகளிலிருந்துதான் வருகிறோம். ஆகவே "எல்லாரும் சோலார் போடுங்கள்" என்று பொதுவாகச் சொல்வது பொருந்தாது. அதிகம் செலவழித்து அதிகக் கட்டணம் கட்டுகிற, நிழல் விழாத சொந்த மாடியுள்ள வீடுகளுக்கே இது முதலில் உகந்தது. தேவைக்கு மிஞ்சிப் பெரிதாக அமைப்பதும் வீண் செலவே.

ஆனால் வீட்டு மாடி இல்லாதவர்களுக்கும் பொதுவான மாடிகள் உண்டு. பள்ளிகள், அலுவலகங்கள், நம்முடையதைப் போன்ற அரசுக் கல்லூரிகள் ஆகியவற்றின் கூரைகள் எல்லாருடைய வரிப்பணத்திலும் எழுந்தவை. வகுப்பு நடப்பது பகலில். பலகை உழைப்பதும் பகலில். ஆய்வுக்கூடத்துக்கும் விசிறிகளுக்கும் வேண்டியது போக மிஞ்சுவது, விடுமுறை நாள்களில் முழுவதுமாகக் கட்டமைப்புக்குப் போகும். அரசு நிறுவனங்களுக்குக் கணக்கிடும் முறை வீட்டு முறையினின்று வேறுபடும் என்பதால், அதனை மின் அலுவலகத்தில் முறைப்படி கேட்டறிந்து, வரும் கல்வியாண்டில் நம் இயற்பியல் மன்றமும் பொருளியல் மன்றமும் இணைந்து நம் கல்லூரிக் கூரைக்கு ஒரு திட்ட அறிக்கை தயாரிக்கலாம் என்பது என் பணிவான கருத்து. கூரையை அளக்க நாடாவும், ஓராண்டு மின்கட்டண அட்டைகளும், நிழல் எங்கே எப்போது விழுகிறது என்று பார்க்க ஆர்வமுள்ள நான்கு மாணவர்களும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

அதுவரை, மாணவ நண்பர்கள் தத்தம் தெருவில் ஓர் உதவி செய்யலாம். சோலார் பொருத்த எண்ணும் வீட்டுக்காரர் எவரேனும் உங்களிடம் யோசனை கேட்டால், விளம்பரத் தாளைப் பார்ப்பதற்கு முன் அவருடைய மின்கட்டண அட்டையை வாங்கிப் பாருங்கள். எத்தனை யூனிட் என்று கேளுங்கள். மாடியில் நிழல் விழுமா என்று பாருங்கள். மின்தடையில் இது எரியாது என்பதை மறவாமல் சொல்லுங்கள். அதன் பிறகும் அவர் பொருத்த விரும்பினால், இருவழி மீட்டரைப் படிக்கும் முறையைக் கற்றுக்கொடுங்கள். மொய் நோட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஐந்து நிமிட வேலை.